வரிசை ஒன்று, மேப் ஏழு

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் நீங்கள் நான்கு பேர் சேர்ந்து 5-க்கு-5 ஷூட்டர் (துவக்கால் சுடும் கேம்) ஒன்று செய்கிறீர்கள். சோதனைப் பதிப்பில் இரவு ஒன்பது மணி வாக்கில் 300 பேர் இருக்கிறார்கள். இரண்டு முறைப்பாடுகள் ஓயாமல் வருகின்றன. முதலில் 13 ரவுண்ட் எடுக்கிற அணி வெல்லும் மேட்ச் எல்லாம் 13-2, 13-3 என்று ஒருபக்கமாகவே முடிகிறது என்பது ஒன்று. எப்போது பார்த்தாலும் அதே மேப்தான் (ஆடும் களம்) வருகிறது என்பது மற்றது. இதைச் சரிக்கட்ட ஆட்டக்காரரின் திறமைக்குப் புள்ளி போடும் ரேட்டிங் கணக்கை மாற்றலாமா, பிளேலிஸ்ட்டை (ஆட்ட வகைக்கு ஒன்றாக வைத்திருக்கும் தனி வரிசைகளை) நான்கிலிருந்து ஆறாக்கலாமா, மேப்பை ஆட்டக்காரர்களே தெரிவு செய்ய விடலாமா என்று கேட்கிறீர்கள்.

பிளேலிஸ்ட்டைக் கூட்டாதீர்கள், இருக்கிற நான்கையும் ஒன்றாக்குங்கள். மேப் தெரிவையும் கையில் கொடுத்துவிடாதீர்கள். ரேட்டிங் கணக்கில் ஓரிரண்டு திருத்தம் போதும். நான் பல வருடங்கள் கேம் சர்வர் பக்கத்து வேலையில் இருந்தவன். நீங்கள் இப்போது யோசிக்கிற அதே வழியில் போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கேம் மூன்று மாதத்தில் காலியானதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். 300 பேர் விளையாடுகிறார்கள், ஒரு மேட்ச் 25 நிமிடம் என்று வையுங்கள். மேட்ச் முடிந்தவர்கள் மறுபடி வரிசைக்கு வருவார்கள். அப்படியென்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 12 பேர் வரிசையில் நுழைகிறார்கள். இரண்டு நிமிடம் காத்திருக்க விட்டால் கையில் 24 பேர் சேர்ந்துவிடுவார்கள். அந்த 24 பேரில் ஒருவருக்கொருவர் நெருக்கமான பத்துப் பேரை எடுக்கலாம், மிச்சப்பேரை அடுத்த மேட்சுக்கு வைக்கலாம். மேட்ச்மேக்கிங், அதாவது மேட்சுக்கு ஆள் பொருத்துவது, என்பதற்கு இங்கேதான் வேலையே இருக்கிறது.

இப்போது அதே ஆட்களை நான்கு பிளேலிஸ்ட்டில் சமமாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் நிமிடத்துக்கு 3 பேர். இரண்டு நிமிடத்தில் 6 பேர்தான் வருவார்கள், ஒரு மேட்சுக்கே ஆள் காணாது. பத்துப் பேர் சேர 3 நிமிடம் 20 செக்கன் ஆகும். சேர்ந்த பிறகும் தெரிவு செய்ய எதுவும் இல்லை, வந்த பத்துப் பேரும் அப்படியே உள்ளே போக வேண்டியதுதான். நேற்றுத் துவக்கைப் பிடித்தவனும் இரண்டாயிரம் மணித்தியாலம் விளையாடியவனும் ஒரே அறையில் நிற்பார்கள். அந்த இடத்தில் உலகத்தின் மிகச் சிறந்த ரேட்டிங் கணக்கைக் கொண்டுவந்து வைத்தாலும் அதனால் செய்ய ஒன்றுமில்லை. உங்கள் 13-2 அங்கிருந்துதான் வருகிறது. ஆறாக்கினால் இன்னும் மோசமாகும்.

நள்ளிரவு தாண்டி 50 பேர்தான் இருக்கிறார்கள் என்றால், ஒரே வரிசையாக வைத்தாலும் நிமிடத்துக்கு இரண்டு பேர்தான். சின்ன நாட்டில் கேம் நடத்துகிறவர்கள் இதை இரவு பகலாக நினைவில் வைத்திருக்க வேண்டும். பெரிய கம்பனிகளின் கேமைப் பார்த்து, "அவர்களிடம் பத்துப் பிளேலிஸ்ட் இருக்கிறதே" என்று நாங்கள் அளவெடுக்கக் கூடாது. அவர்களுமே இதில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள். கால் ஆஃப் டியூட்டியில் பல வருடங்கள் புதிய மேப்களைக் காசுக்குத்தான் விற்றார்கள். வாங்கியவர்கள் ஒரு பக்கம், வாங்காதவர்கள் ஒரு பக்கம் என்று வரிசை இரண்டானது, ஒரே நண்பர் கூட்டத்துக்குள்ளேயே பிரிவு வந்தது. 2019-இல் வந்த மாடர்ன் வார்ஃபேரில்தான் அந்தப் பழக்கத்தை விட்டு, மேப்களை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள்.

பிளேலிஸ்ட் என்ற யோசனை எதற்காகப் பிறந்தது என்பதையும் பாருங்கள். அதற்கு முன்னர் சர்வர் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, இடம் இருக்கிற இடத்தில் போய் நுழைவோம். 2004-இல் ஹேலோ 2 என்ற கேம் வந்தபோது, "என்ன வகை ஆட்டம் வேண்டும் என்று மட்டும் சொல், ஆளையும் மேப்பையும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றது. ஆட்டக்காரர் கொஞ்சம் தெரிவை விட்டுக்கொடுக்கிறார், பதிலுக்கு நல்ல மேட்ச் கிடைக்கிறது. அந்த ஒப்பந்தம்தான் பிளேலிஸ்ட். தெரிவைத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டே போனால் அந்த ஒப்பந்தமே உடைந்துபோகும்.

சரி, ரேட்டிங்குக்கு வருவோம். நீங்கள் வைத்திருப்பது ஈலோ முறை. அர்பாட் ஈலோ என்ற பௌதிகவியலாளர் சதுரங்கத்துக்காகச் செய்தது, 1970-இல் உலகச் சதுரங்கச் சம்மேளனம் எடுத்துக்கொண்டது. இரண்டு பேருக்கு இடையில் 100 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே இருப்பவர் வெல்ல 64 வீத வாய்ப்பு. 200 என்றால் 76 வீதம், 400 என்றால் 91 வீதம். இரண்டு பக்கமும் 40-க்கும் 60-க்கும் இடையில் நிற்க வேண்டும் என்றால் வித்தியாசம் 70 புள்ளிக்குள் இருக்க வேண்டும். இந்த 70-ஐ மனதில் வையுங்கள்.

ஈலோவில் இல்லாத ஒன்று, அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது. ஆயிரம் மேட்ச் ஆடியவரின் 1500-உம், இன்றைக்குச் சேர்ந்தவரின் 1500-உம் ஒன்றாகாது. மார்க் கிளிக்மன் 1995-இல் கொண்டுவந்த கிளிக்கோ முறை ரேட்டிங்குடன் சேர்த்து ஒரு சந்தேக அளவையும் வைக்கிறது. ஆடாமல் இருந்தால் சந்தேகம் கூடும், ஆட ஆடக் குறையும். மைக்ரோசாஃப்ட்டின் ட்ரூஸ்கில்லும் அதே வழிதான், ஆனால் அணியாக ஆடும் ஆட்டத்துக்கென்றே செய்தது. அதில் புதியவருக்குச் சராசரி 25, சந்தேகம் 25-இல் மூன்றில் ஒரு பங்கு. வெளியே காட்டுவது சராசரியிலிருந்து சந்தேகத்தின் மூன்று மடங்கைக் கழித்த எண். அதனால் எல்லோரும் பூச்சியத்தில் தொடங்குவார்கள், கணக்குக்கு நம்பிக்கை வர வர மேலே ஏறுவார்கள். உங்கள் ஈலோவுக்குள் இந்தச் சந்தேக அளவை மட்டும் நுழைத்துவிடுங்கள். புதியவரின் புள்ளி வேகமாக ஏறி இறங்கட்டும், பழையவரின் புள்ளி மெதுவாக நகரட்டும்.

ட்ரூஸ்கில் செய்தவர்கள் சொன்ன ஒரு கணக்கு எனக்கு எப்போதும் உதவியிருக்கிறது. ஒருவருக்கு ஒருவர் ஆட்டத்தில் ஒருவரின் திறமையைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய 12 ஆட்டம் போதும். 4-க்கு-4 அணி ஆட்டத்தில் 46 ஆட்டம் வேண்டும். 8-க்கு-8 என்றால் 91. ஏனென்றால் அணி வென்றதா தோற்றதா என்ற ஒரே தகவலை வைத்து அதில் ஒரு ஆள் என்ன செய்தார் என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. அதனால் "பத்து மேட்ச் ஆடியும் எனக்குச் சரியான ரேங்க் வரவில்லை" என்று ஒருவர் சொன்னால் அவர் சொல்வது உண்மை, அவரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். 2018-இல் வந்த ட்ரூஸ்கில் 2, ஆளாளுக்கு எத்தனை பேரைச் சுட்டார், பாதியில் விட்டுப்போனாரா, கூட்டமாக வந்தாரா, வேறு முறைகளில் எப்படி ஆடுகிறார் என்பதையும் சேர்த்துக்கொண்டது. அந்தக் கடைசி விஷயம் உங்களுக்கு முக்கியம். ஒவ்வொரு முறைக்கும் தனித்தனி ரேட்டிங் வைத்தால் ஒவ்வொன்றிலும் அந்த 46 ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டும். அடிப்படை ரேட்டிங் ஒன்று, அதன் மேல் முறைக்கு ஏற்ற சின்னக் கூட்டல் கழித்தல். அவ்வளவுதான்.

அப்புறம் அணி பிரிப்பது. இங்கேதான் உங்கள் கோடில் நேரடிப் பிழை இருக்கிறது. நீங்கள் அனுப்பிய பகுதியில் இரண்டு அணியின் சராசரியை மட்டும் ஒப்பிடுகிறீர்கள். ஒரு பக்கம் 2400 ஒருவர், 1200 நான்கு பேர். மறுபக்கம் ஐந்து பேரும் 1440. சராசரி இரண்டுக்கும் 1440-தான், கணக்கு "சமம்" என்று சொல்லும். உள்ளே போய் ஆடிப் பாருங்கள். அந்த நான்கு பேரும் ஒவ்வொரு ரவுண்டிலும் முதலில் செத்துப்போய், மிச்ச நேரம் முழுக்க அந்த ஒருவர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் வென்று கொடுத்தாலும் அவர்களுக்கு அது ஆட்டமாக இருக்காது. சராசரியுடன் சேர்த்து, பத்துப் பேருக்குள் மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள தூரத்துக்கும் ஒரு எல்லை போடுங்கள்.

தனித்தனியாக வந்த பத்துப் பேரை இரண்டு ஐந்தாகப் பிரிக்க மொத்தம் 126 வழிகள்தான் உண்டு. 126-ஐயும் போட்டுப் பார்த்து மிகச் சிறந்ததை எடுங்கள். சர்வருக்கு அது ஒரு கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. "உயர்ந்தவரை இங்கே, அடுத்தவரை அங்கே" என்று தெருக் கிரிக்கெட்டில் கப்டன்மார் ஆள் பிடிக்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள்.

கூட்டமாக வருகிறவர்கள் விஷயத்தில் வேலோரன்ட் என்ற 5-க்கு-5 ஷூட்டர் எடுத்த ஒரு முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும். அதன் ரேங்க் ஆட்டத்தில் (வென்றால் தோற்றால் தரநிலை மாறும் ஆட்டம்) நான்கு பேர் கூட்டமாக வரிசையில் நிற்க முடியாது. ஒருவர், இரண்டு பேர், மூன்று பேர், அல்லது ஐந்து பேர். காரணம் எளிது. நான்கு நண்பர்களோடு சேர்க்கப்படும் அந்த ஐந்தாவது ஆள் பாவம். அவர்களுக்குள் ஒரு கோலில் கதைத்துக்கொண்டிருப்பார்கள், இவருக்கு எதுவும் கேட்காது, தோற்றால் பழி மட்டும் இவருக்கு வரும். இதில் ரேட்டிங் கணக்கு எதுவும் இல்லை, மனிதரைப் பார்த்து எடுத்த முடிவு. கூட்டமாக வருகிறவர்களுக்கு ஒரு சிறு கூடுதல் புள்ளி போட்டுக் கணக்கிடுங்கள், எவ்வளவு என்பதை உங்கள் சொந்த மேட்ச் முடிவுகளிலிருந்தே எடுக்கலாம். சமமான ரேட்டிங்கில் ஐந்து பேர் கூட்டம் எத்தனை வீதம் வெல்கிறது என்று பாருங்கள். 64 வீதம் வென்றால், அந்தக் கூட்டத்தின் பெறுமதி 100 புள்ளி.

இனி பிங், அதாவது செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பி வர எடுக்கும் நேரம். கொழும்பில் இருந்துகொண்டு இதைப் பற்றிக் கதைக்காமல் நியாயம் பற்றிக் கதைக்க ஏலாது. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீற்றர் போகும். போய் வருவதற்கு 100 கிலோமீற்றருக்கு 1 மில்லிசெக்கன். கொழும்பிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,500 கிலோமீற்றர், சிங்கப்பூர் சுமார் 2,700. எந்தத் தந்திரம் செய்தாலும் 15-க்கும் 27-க்கும் கீழே போக முடியாது, உண்மையில் கேபிள் வளைந்து போவதாலும் இடையிலுள்ள நிலையங்களாலும் அதைவிட நிறையக் கூடும். பெரிய கேம்கள் பலவற்றின் சர்வர் இந்த இரண்டு ஊர்களில்தான் எங்களுக்குக் கிட்ட. உங்கள் சர்வர் கொழும்பிலேயே இருப்பது பெரிய பலம், அதை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் பிங் குறைவாக இருப்பதைவிட, இரண்டு அணிக்கும் ஒரே அளவாக இருப்பது முக்கியம். மூலையிலிருந்து எட்டிப் பார்க்கிறவர், அங்கே காத்து நிற்பவரைக் கொஞ்சம் முந்திப் பார்த்துவிடுவார், அவர் அசைந்த செய்தி மறுபக்கத்துக்குப் போய்ச்சேர நேரம் ஆகிறது. பிங் கூடக் கூட அந்த இடைவெளி கூடும். ஒரு அணியில் ஐந்து பேரும் வீட்டு ஃபைபர், மறு அணியில் நான்கு பேர் ஃபோன் ஹொட்ஸ்பொட் என்றால் ரேட்டிங் சமமாக இருந்தும் ஆட்டம் சமமில்லை. நான் மேலே சொன்ன 126 வழிகளைப் பார்க்கும்போதே பிங்கையும் சேர்த்துப் பாருங்கள். கூடிய பிங் உள்ளவர்கள் இரண்டு பக்கமும் பிரிந்து போகட்டும். கனடாவில், டொரோன்டோ ஸ்காபரோவில் இருக்கிற மச்சானோடு சேர்ந்து ஆட வேண்டும் என்று நிறையப் பேர் கேட்பார்கள், எனக்கும் அந்த ஆசை உண்டு. டொரோன்டோ சுமார் 14,000 கிலோமீற்றர். ஒளிக்கே போய் வர 140 மில்லிசெக்கன். ரேங்க் இல்லாத ஆட்டத்தில் தாராளமாக விடுங்கள், ரேங்க் ஆட்டத்தில் மற்ற ஒன்பது பேருக்காக மறுக்கத்தான் வேண்டும்.

பாதியில் விட்டுப்போகிறவர்களுக்கான தண்டனையையும் இந்த ஊரைப் பார்த்தே எழுதுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். அந்த நாட்களில் வெளிநாட்டு கேம்கள் பலவற்றில் எங்கள் பெடியன்களுக்குத் தடை மேல் தடை விழுந்தது. கரண்ட் போனதற்கும் கோபத்தில் வெளியேறியதற்கும் வித்தியாசம் அந்தக் கணக்குக்குத் தெரியாது. ஐந்து நிமிடம் திரும்பி வர இடம் கொடுங்கள். முதல் இரண்டு முறை தண்டனை வேண்டாம், மாதத்தில் எத்தனை மேட்சுக்கு எத்தனை விட்டார் என்ற விகிதத்தைப் பாருங்கள். தோற்கும்போது மட்டும் "கரண்ட் போகிற" ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, வெளியேறிய நேரத்து ஸ்கோரே சொல்லிவிடும். குறைந்த ஆளோடு ஆடித் தோற்ற நான்கு பேருக்குப் புள்ளி குறைக்காதீர்கள். இடையில் வந்து சேர்ந்தவருக்கும் அப்படியே.

இப்போது மேப். இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

இரண்டாயிரங்களின் நடுவில் கொட்டாஞ்சேனையில் ஒரு நெட் கஃபேயில்தான் நான் கவுன்டர் ஸ்ட்ரைக் பழகினேன். பத்து மெஷின், ஒரு சுவருக்கு ஐந்து, முதுகுக்கு முதுகு. எல்லோருக்கும் டஸ்ட் 2 என்ற மேப்தான் வேண்டும். வாக்குக் கேட்டால் ஒவ்வொரு முறையும் டஸ்ட் 2-தான் வெல்லும், அதனால் சில பேர் ஒரு மணித்தியாலம் ஆடிவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள். கடைக்கார அண்ணா ஒரு வேலை செய்தார். சிகரட் பெட்டி அட்டையை ஏழு துண்டாக வெட்டி, டஸ்ட் 2, இன்ஃபெர்னோ, நியூக், ட்ரெயின், ஆஸ்டெக், இத்தாலி, அஸால்ட் என்று பேனையால் எழுதி, வெறும் கரம் பவுடர் டின்னுக்குள் போட்டார். தோற்ற அணியில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்த துண்டு மேசை லாச்சிக்குள் போகும். டின் காலியாகும் வரை அது திரும்பி வராது. காலியானதும் ஏழும் மறுபடி உள்ளே. துண்டுகளில் எல்லாம் வெள்ளைப் பவுடர் ஒட்டியிருக்கும், எடுத்தவன் விரலை இன்னொருவன் சேர்ட்டில் துடைப்பான். அந்தக் கிழமைக்குப் பிறகு மேப்புக்காகச் சண்டை வந்த ஞாபகமே எனக்கு இல்லை. ஆஸ்டெக்கை ஆடத் தெரியாது என்று சொன்னவர்கள் ஆடிப் பழகினார்கள்.

அந்த டின் என்ன செய்தது என்று கணக்கில் பாருங்கள். ஏழு மேப்பில் ஒவ்வொரு முறையும் குருட்டாம்போக்கில் ஒன்றை எடுத்தால், ஒரு இரவில் நான்கு மேட்ச் ஆடும் ஒருவருக்கு ஏதாவது ஒரு மேப் இரண்டாம் முறை வருவதற்கு 65 வீத வாய்ப்பு இருக்கிறது. அடுத்தடுத்து அதே மேப் வருவதற்கே 37 வீதம். உங்கள் கோடில் பிழை இல்லை தம்பி, குருட்டாம்போக்கு என்பதே அப்படித்தான். ஆனால் ஆடுகிறவருக்கு அது "எப்போதும் அதே மேப்" என்றுதான் படும், அவரும் பொய் சொல்லவில்லை. டின் அதற்கு ஞாபகம் கொடுத்தது.

வாக்கெடுப்பு ஏன் தோற்கிறது என்பதும் இதே மாதிரித்தான். பத்துப் பேரில் நான்கு பேருக்கு ஒரு மேப் பிடிக்கும், மிச்ச ஆறு பேரும் ஆறு வேறு மேப்பைக் கேட்கிறார்கள் என்று வையுங்கள். ஆறு பேர் வேண்டாம் என்ற மேப் ஒவ்வொரு முறையும் 4-க்கு 1 என்று வெல்லும். வாக்கு வைக்கத்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு வாக்கையும் ஒரு லொத்தர் துண்டாக வையுங்கள், பத்துத் துண்டில் ஒன்றை இழுங்கள். அப்போது அந்த மேப் பத்துக்கு நான்கு முறை வரும், மற்றவர்களுக்கும் பங்கு கிடைக்கும்.

ஒன்லைனில் டின்னை அப்படியே வைக்க முடியாது, ஏனென்றால் பத்துப் பேரும் பத்து இடத்திலிருந்து வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு டின் இருக்கிறது. நான் செய்வது இது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மேப்பையும் கடைசியாக ஆடி எத்தனை மேட்ச் ஆயிற்று என்று ஒரு எண் வைப்பேன், ஏழுக்கு மேல் போனால் ஏழாகவே நிறுத்துவேன். பத்துப் பேர் சேர்ந்ததும் மேப் வாரியாக அந்த எண்களைக் கூட்டுவேன். கூடிய மொத்தம் உள்ள மூன்று மேப்பை எடுத்து, அதில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தெரிவேன். போன மேட்சில் மூன்று பேருக்கு மேல் ஆடிய மேப் என்றால் அந்த மூன்றுக்குள் வரவே விடமாட்டேன். ஒரு மாலை வேலை இந்தக் கோட். முக்கியமாக, மேப்பைத் தெரிவது ஆட்களைச் சேர்த்த பிறகு நடக்கிறது. வரிசையிலிருந்து ஒரு ஆளைக்கூட இது பிரிக்கவில்லை. மேப்பை முன்கூட்டியே கேட்டு வாங்கினால் ஏழு வரிசை ஆகிவிடும், மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

வெறுக்கிற மேப் ஒன்று எல்லோருக்கும் இருக்கும். அதைச் சொல்ல இடம் கொடுங்கள், ஆனால் முழுத் தடையாக வேண்டாம். பத்துப் பேர் ஆளுக்கு ஒன்றைத் தடுத்தால் ஏழும் போய்விடலாம். ஒருவர் குறித்த மேப்புக்கு அவருடைய எண்ணைப் பாதியாக்குங்கள், அரிதாக வரும். கவுன்டர் ஸ்ட்ரைக் 2-இன் பிரீமியர் என்ற ரேங்க் ஆட்டத்தில் அணிகள் மாறி மாறி மேப்பை நீக்கிக்கொண்டு வருவதும் நல்ல முறைதான். அங்கேயும் ஆட்கள் சேர்ந்த பிறகுதான் நீக்குகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

மேப் பெயரைப் பார்த்தவுடன் சிலர் மேட்ச் தொடங்குமுன்னரே வெளியேறுவார்கள். அதற்குச் சிறு தண்டனை வையுங்கள், கூடவே மேப் வாரியாக எண்ணியும் வையுங்கள். உங்களுக்குக் கிடைக்கிற மிக நேர்மையான வாக்கு அதுதான். ஒரு மேப்பில் மட்டும் ஓடுவது கூடினால் பிளேலிஸ்ட்டைத் தொடாதீர்கள், அந்த மேப்பைத் திருத்துங்கள். வேலோரன்ட்டில் ஸ்ப்ளிட் என்ற மேப்பை 2022-இல் சுழற்சியிலிருந்து எடுத்து, மாற்றங்கள் செய்து, 2023 தொடக்கத்தில் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ரேங்க் ஆட்டத்தில் ஒரு நேரத்தில் ஏழு மேப் என்ற அளவு அங்கேயும் உண்டு, கவுன்டர் ஸ்ட்ரைக் பிரீமியரிலும் உண்டு. பழகி நினைவில் வைக்கவும் முடிகிறது, அலுக்கவும் இல்லை.

ஸ்னைப்பர் மட்டும், 2-க்கு-2, டெத்மேட்ச் என்று நீங்கள் வைத்திருக்கிற மற்ற முறைகளை வீணாக்கச் சொல்லவில்லை. ஸ்ப்ளாட்டூன் 3 என்ற கேமில் எந்தக் களங்கள் திறந்திருக்கும் என்பது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறும், எல்லோருக்கும் ஒரே நேரத்தில். அதை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கிய வரிசை ஒன்று எப்போதும் திறந்திருக்கட்டும். பக்கத்தில் ஒரே ஒரு ஜன்னல், வெள்ளி சனி இரவு ஏழிலிருந்து பதினொன்று வரை, கிழமைக்கு ஒரு ஆட்ட வகை என்று மாறட்டும். அந்த நேரத்தில்தான் ஆட்கள் மிஞ்சி இருக்கிறார்கள். பதினொன்றுக்கு அந்த ஜன்னலைச் சாத்திவிடுங்கள். இந்தக் கிழமை ஸ்னைப்பர் என்று தெரிந்தால் அதற்காகவே வருவார்கள், எப்போதும் திறந்திருந்த ஸ்னைப்பர் பிளேலிஸ்ட்டில் நான்கு பேர் சும்மா காத்துக்கொண்டிருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ரேங்க் இல்லாத ஆட்டத்தில் திறமையைப் பார்க்கவே வேண்டாம், ஆறுதலாக ஆடட்டும் என்று ஒரு வாதம் உங்கள் கூட்டத்திலேயே வந்ததாக எழுதியிருந்தீர்கள். நன்றாக ஆடுகிறவர்கள்தான் அதிகம் கேட்பது அது. கால் ஆஃப் டியூட்டியை வெளியிடும் ஆக்டிவிஷன் 2024-இல் தங்கள் மேட்ச்மேக்கிங் பற்றி வெளியிட்ட அறிக்கையில் இதைச் சோதித்துப் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார்கள். திறமைக்குக் கொடுக்கும் எடையைக் குறைத்தபோது, மேல்மட்டத்தில் இருந்த சிறு பகுதியினரைத் தவிர மற்ற எல்லோரும் மேட்சைப் பாதியில் விடுவது கூடியது, திரும்பி வருவது குறைந்தது. ஆறுதலான ஆட்டம் என்பது யாருக்கு ஆறுதல் என்று பார்க்க வேண்டும். எல்லையைக் கொஞ்சம் தளர்த்துங்கள், 70 என்பதை 150 ஆக்குங்கள். எடுத்துவிடாதீர்கள்.

வேறொரு பக்கத்திலிருந்தும் உங்களுக்கு யோசனை வரும், முதலீடு செய்கிறவர்களிடமிருந்து. ஆட்டக்காரரை அதிக நேரம் பிடித்து வைக்கிற மாதிரி வெற்றி தோல்வியை அடுக்கலாம் என்று 2017-இல் ஆய்வுக் கட்டுரையே வந்திருக்கிறது. ஒருவர் தொடர்ந்து தோற்றால் ஒரு இலகுவான மேட்ச் கொடுப்பது, அப்படி. அதைத் தொடாதீர்கள். இரண்டு பக்கமும் வெல்லலாம் என்று நம்பித்தான் பத்துப் பேரும் 25 நிமிடத்தைக் கொடுக்கிறார்கள். முடிவை நீங்கள் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால், உண்மையாகச் சமமான மேட்சையும் யாரும் நம்பமாட்டார்கள். எதை வைத்துச் சேர்க்கிறீர்கள், எதை வைத்துச் சேர்ப்பதில்லை என்று கேமுக்குள்ளேயே ஒரு பக்கத்தில் எழுதிப் போடுங்கள்.

எல்லாம் மாற்றிய பிறகு சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும் என்றும் கேட்டிருந்தீர்கள். வெற்றி விகிதத்தைப் பார்க்காதீர்கள், எல்லோருக்கும் 50-க்குக் கிட்டத்தான் காட்டும். ஸ்கோரைப் பாருங்கள். ஒவ்வொரு ரவுண்டும் உண்மையில் ஐம்பதுக்கு ஐம்பது என்றால், முதலில் 13 எடுப்பவர் வெல்லும் ஆட்டத்தில் 13-3 அல்லது அதைவிட மோசமாக முடிவது நூற்றுக்கு 2 மேட்ச்தான். ஒரு பக்கத்துக்கு ரவுண்டில் 60 வீத வாய்ப்பு என்றால் நூற்றுக்கு 6, 7. 70 வீதம் என்றால் நூற்றுக்கு 25. கேமுக்குள் ஒரு ரவுண்டில் சேரும் காசு அடுத்த ரவுண்டைப் பாதிப்பதால் உங்கள் எண் இதைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். நீங்கள் அனுப்பிய கடந்த கிழமைப் பட்டியலில் 200 மேட்சில் 58 அப்படி முடிந்திருக்கிறது, அதாவது நூற்றுக்கு 29. அது பத்துக்குக் கீழே வந்தால் நான் சந்தோஷப்படுவேன்.

இந்தச் சனிக்கிழமை நான்கு பிளேலிஸ்ட்டையும் ஒன்றாக்கி, இரண்டு நிமிடக் காத்திருப்பு, 70 புள்ளி எல்லை என்று தொடங்குங்கள். காத்திருப்பு ஒவ்வொரு 30 செக்கனுக்கும் எல்லை 20 புள்ளி விரியட்டும். மேப் டின்னை அடுத்த கிழமை போடலாம், இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஞாயிறு காலை லொக் ஃபைலை எனக்கு அனுப்பிவிடுங்கள். இரவு பன்னிரண்டுக்குப் பிறகு நடந்த மேட்சுகளைத் தனியாகப் பிரித்து அனுப்பினால் நல்லது, முதலில் அதைத்தான் பார்ப்பேன்.